மூக்காயி பிரித்த கூரை

பாப்பாயிக்கு ஊரார் வைத்த பெயர் மூக்காயி. பத்து வீடு தள்ளி ஒருத்தி களியை அடிப்பிடிக்க விட்டாலும் இவள் தன் வாசலில் நின்றபடி சொல்லிவிடுவாள். குடத்துத் தண்ணீரில் பாசி நாற்றம், மோரில் பழஞ்சட்டி நாற்றம், சந்தைக்குப் போய் வந்த ஆம்பிளையின் வேட்டியில் சாராய நாற்றம், எதுவும் அவளைத் தாண்டிப் போகாது. தெரிந்ததும் சொல்லிவிடுவாள். சொன்னதோடு நிற்காமல் முகத்தையும் சுளித்துக்கொள்வாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் மாமியார் நீட்டிய கஞ்சிக் கலயத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, கழுவிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டவள் அவள். மாமியார் சாகும்வரை அதை மறக்கவில்லை.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அவள் பெரக்கரை நாட்டில் பிறந்து திண்ணனூர் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரே மகளை எடப்புளி நாட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் மிச்சம் மூன்று பேர்: அவள், புருஷன் ராசப்பன், மாமனார் காளியண்ணன்.

ராசப்பன் நல்ல பேச்சுக்காரன். வேலையை நாளைக்குத் தள்ளுவதில் அவனுக்கு ஈடு சொல்ல நாட்டிலேயே ஆளில்லை. அரிவாள் மழுங்கினால் தீட்ட மாட்டான், இன்னும் கொஞ்சம் அழுத்தி வெட்டுவான். வேலி சாய்ந்தால் முட்டுக் கொடுப்பான், பிடுங்கி நட மாட்டான். அவன் அப்பனோ ஒரு காலத்தில் மலையின் இந்தப் பக்கமே புகழ்ந்த உழவாளி. நாலு வருஷத்துக்கு முன்னால் பலா மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. கட்டிலோடு கிடந்தார். சில நேரம் ஒன்றுக்குப் போவது அவருக்கே தெரியாது. புகையிலையை மென்று பக்கத்துச் சுவரில் துப்புவார். பாப்பாயி வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் கழுவிவிடுவாள். ஆனால் மூக்கில் துணி கட்டாமல் அவர் கட்டில் பக்கம் போனதில்லை. அவருக்கும் அது தெரியும். அவள் வரும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

புரட்டாசி பாதி கழிந்தால் மலையில் எல்லா வீட்டுக்கும் ஒரே ஓட்டம்தான். ஐப்பசியில் இறங்குகிற மழை கார்த்திகைக் கடைசி வரை ஓயாது. அதன் பின்னாலேயே பனி வந்து, உச்சிப் பொழுதிலும் எதிர் வீடு தெரியாதபடி மூடிக்கொள்ளும். அந்த மூன்று மாதத்துக்கு வேண்டியதெல்லாம் முன்கூட்டியே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். விறகைப் பிளந்து காயவைத்து இறவாரத்துக்குள் அடுக்க வேண்டும். புதுச் சாமையைக் காயவைத்துத் தானியக் குதிரில் கொட்டி வாயைச் சாணியால் பூச வேண்டும். கொட்டிலைச் சுரண்டி மாட்டுக்கு மேடு கட்ட வேண்டும். ஓடைகள் பெருகிப் பாதை அடைபடுமுன் ஒருத்தர் கீழே இறங்கிப் போய் உப்பும் மிளகாயும் சீமையெண்ணெயும் சுமந்து வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கூரை. புல் அறுத்துக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, பழசைப் பிரித்துப் புதுசு வேய வேண்டும்.

மற்றவர்களுக்கு இதெல்லாம் உடம்பு நோகிற வேலை. பாப்பாயிக்குக் குமட்டுகிற வேலை. விறகுக் குவியலை நகர்த்தினால் அடியில் வெள்ளைப் புழு நெளியும். குதிருக்குப் பின்னால் கையை விட்டால் எலிப் புழுக்கை ஒரு படி வரும், கூடவே கண் திறக்காத எலிக்குஞ்சு நாலு ரத்தச் சிவப்பில் உருளும். கொட்டில் குழியில் முழங்கால் வரை இறங்கி நின்றால் சாணியும் மூத்திரமும் ஊறிய சேறு விரலிடுக்கில் பிதுங்கும். ஒவ்வொன்றுக்கும் அவள் ஓங்கரிப்பாள். ஓங்கரித்துக்கொண்டே, ஊரில் வேறு எவளும் செய்யாத சுத்தத்தில் செய்து முடிப்பாள். ஒரு அழுக்கு அங்கே கிடக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அவளே அதில் கையை வைத்தாள்.

போன வருஷம் கார்த்திகையில் வீட்டுக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. முதல் இரண்டு நாள் செத்த எலி என்று நினைத்துப் பரணிலும் அடுப்படியிலும் தேடினாள். ஒன்றும் இல்லை. நாளுக்கு நாள் அது தடித்து, கொழகொழவென்று தொண்டையில் ஒட்டிக்கொள்கிற நாற்றமாயிற்று. வெளியே விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. ஒரே அறை, ஒரே கதவு. அவள் மோந்து மோந்து தேடியதில் அது வடக்கு மூலையில் வந்து நின்றது. அந்த மூலையில்தான் மாமனாரின் கட்டில்.

அவரைப் புரட்டிப் பார்த்தாள். முதுகில் புண் எதுவும் இல்லை. பழந்துணியெல்லாம் எரித்தாள், வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள், வேப்பிலைப் புகை போட்டாள். நாற்றம் அசையவில்லை. அவர் உடம்புக்குள்ளேயே ஏதோ அழுகுகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். அப்புறம் அவளால் சோறு தின்ன முடியவில்லை. எட்டு நாள் வெறும் மோரைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். ஒன்பதாம் நாள் புருஷனிடம் சொன்னாள், ஒன்று அவர் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று.

ராசப்பன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது அன்றைக்கே அவளுக்கு விநோதமாகப் பட்டிருக்க வேண்டும், படவில்லை. கட்டிலோடு அப்பனைத் தூக்கிக் கொட்டிலில் இரண்டு மாட்டுக்கு நடுவில் வைத்தான். கிழவரும் ஒன்றும் சொல்லவில்லை. மழைச்சாரல் அடித்துக் கட்டில் கால் நனையும் என்று ஒரு தட்டியை மட்டும் சார்த்திவிட்டார்கள். மார்கழி வந்தபோது வீட்டுக்குள் நாற்றம் குறைந்தது, தை பிறந்தபோது இல்லாமலே போனது. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்றாள் பாப்பாயி பக்கத்து வீட்டுப் பொன்னாயியிடம். கிழவர் கொட்டிலிலேயே தங்கிவிட்டார்.

இந்த வருஷம் புரட்டாசியில், குதிரின் வாயைத் திறந்தபோது அடிச் சாமை பச்சையாகப் பூசணம் பிடித்துக் கட்டிக் கிடந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தாள். கூரை ஒழுகிய தடம் மூங்கிலில் கறுப்பாக ஓடியிருந்தது. கூரையை மூங்கில்வரைக்கும் பிரித்து வேய வேண்டும் என்றாள். ராசப்பன் பழைய பாட்டையே பாடினான். மேலே ஒரு கை புல் போட்டால் போதும், பழசு கிடந்தால் கதகதப்பு, பிரித்தால் இரட்டைப் புல் வேண்டும், நாள் இல்லை. ஏழு வருஷமாக அவன் இப்படித்தான் பழசின் மேலே புதுசைப் போட்டு மூடிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் விடியுமுன் உப்பு வாங்கி வருகிறேன் என்று சேந்தமங்கலத்துக்கு இறங்கிப் போய்விட்டான். போனால் நாலு நாள்.

அவள் ஊர்க்கவுண்டர் மாணிக்கத்திடம் போய்க் கேட்டாள். அந்த ஊரில் கூரை வேய வீட்டுக்கு ஒரு ஆள் வருவது வழக்கம். அவர் நல்ல மனுஷர்தான். ஆனாலும் ஆம்பிளை இல்லாத வீட்டுக் கூரையில் கை வைக்க முடியாது, ராசப்பன் வரட்டும் என்று அனுப்பிவிட்டார். வானத்தில் கிழக்கே மேகம் திரண்டிருந்தது. பாப்பாயி வீட்டுக்கு வந்தாள், சேலையை வரிந்து கட்டினாள், மூக்கில் துணியைச் சுற்றினாள், ஏணியைச் சார்த்தி மேலே ஏறிவிட்டாள்.

அந்த ஊரில் பெண் கூரை ஏறக்கூடாது. உள்ளே குலசாமிக்கு ஒரு மூலை உண்டு, அதன் தலைக்கு மேலே பெண்ணின் கால் படுவது தீட்டு. அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பூசணம் பிடித்த சாமையின் நெடி அவள் மூக்கிலேயே நின்றுகொண்டிருந்தது.

மேல் புல் சுலபமாக வந்தது. அதற்கடியில் புல்லே இல்லை, கறுத்த கூழ் மாதிரி ஒன்று இருந்தது. அள்ளினால் கையோடு வழிந்தது. பூரான்கள் முழங்கை வரை ஏறின. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு வருஷத்து அழுகல். ஒரு வருஷத்து அழுகலுக்கு ஒரு வருஷத்துப் பொய் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இழுத்துக் கீழே எறிந்தாள். இரண்டு தடவை கூரை மேலேயே வாந்தி எடுத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

உச்சிப் பொழுதில் வடக்கு மூலைக்கு வந்தாள். அங்கே புல்லைத் தூக்கியபோது ரோமம் தட்டுப்பட்டது. ஒரு மரநாய். தோல் சுருங்கி எலும்போடு ஒட்டி, வாய் பிளந்து பல் தெரிய, உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. மேல்பக்கம் காய்ந்திருந்தது. அடிப்பக்கம் புல்லோடு கரைந்து பிசினாகி மூங்கிலில் இறங்கி உறைந்திருந்தது. அந்த மூங்கிலுக்கு நேர் கீழே ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டில் இருந்தது.

 பாப்பாயி அதை ஒரு பழைய முறத்தில் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். எதற்காகக் கொட்டிலுக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. மாமனாருக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

காளியண்ணன் முறத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

“எடுத்துப் போட்டர்றேன்னு அப்பவே சொன்னானே கண்ணு. எடுக்கலியா அவன்?” என்றார்.

யார் சொன்னது என்று கேட்டாள். அவர் மெதுவாகச் சொன்னார். மரநாய் கோழியைப் பிடிக்கிறது என்று ராசப்பன் விஷத்துக்கு எட்டிக்கொட்டையை அரைத்து வாழைப்பழத்துக்குள் வைத்தானாம். தின்ற மரநாய் ராத்திரி அவர் தலைக்கு மேலே புல்லுக்குள் புகுந்து விடியும்வரை பிறாண்டிக்கொண்டிருந்ததாம். விடிந்ததும் மகனிடம் சொல்லியிருக்கிறார். மழை விடட்டும், எடுத்துவிடுகிறேன், அவளிடம் சொல்லாதே, இப்போதே பிரி என்று உயிரை எடுப்பாள் என்றானாம்.

“உங்களத் தூக்கியாந்து இங்க போட்டமே, அன்னைக்காச்சும் சொல்லியிருக்கலாமுங்களே மாமா?”

“எம்மேலயும் நாத்தம் இல்லாம இல்லையே சாமி. நீ துணி கட்டிக்கிட்டுத்தான வருவ. மாட்டுக்கு அதெல்லாம் தெரியறதில்ல.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே பட்டதைச் சொன்னார். பாப்பாயி முறத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.  

சாயங்காலம் ஊர்க்கவுண்டர் இரண்டு ஆட்களோடு வந்தார். பெண் கூரை ஏறினாள் என்ற செய்தி அதற்குள் மூன்று ஊருக்குப் போயிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. சாமி தலைக்கு மேலே நின்றிருக்கிறாய், தீட்டுக் கழிக்க ஒரு சேவலும் தேங்காயும் வைக்க வேண்டும் என்றார். பாப்பாயி உள்ளே போய் முறத்தை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள். கூட வந்த அண்ணாமலை வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

“ஒரு வருசமா இது சாமிக்கு மேல கெடந்துருக்குதுங்க. அதுக்குத் தீட்டு இல்லீங்களா?”

ஊர்க்கவுண்டர் முறத்தையும் பார்த்தார், சரிந்து கிடந்த கறுத்த அழுகலையும் பார்த்தார். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். கொட்டில் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். மறுநாள் காலையில் வீட்டுக்கு ஒரு ஆளாக ஒன்பது பேர் வந்தார்கள். புல் போதாததற்கு ஆளுக்கு நாலு கட்டு தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். அன்று பொழுது சாயுமுன் வீட்டை வேய்ந்து முடித்தார்கள். சேவலை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பாப்பாயி அதையும் அறுத்து, வந்தவர்களுக்கே குழம்பு வைத்துப் போட்டாள்.

வீட்டை மெழுகி முடித்ததும், மாமனாரை உள்ளே கொண்டுபோகலாம் என்று கொட்டிலுக்குப் போனாள். அவர் வர மறுத்துவிட்டார். பனிக்கு மாட்டு மூச்சு சூடாக இருக்கிறது, இங்கே பழகிவிட்டது, வேண்டுமானால் ஒரு தட்டி கூடப் போடு என்றார். அவள் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மிச்சப் புல்லைக்கொண்டு அண்ணாமலையின் கையால் கொட்டிலின் கூரையையும் வேயச் சொன்னாள். சாரல் அடிக்கிற பக்கம் மண் சுவர் வைத்தாள். மூங்கில் வெட்டி உயரமாக ஒரு பரண் கட்டி அதன் மேலே அவரைப் படுக்கவைத்தாள். அடியில் ஓடுகிற மாட்டு மூத்திரத்துக்குத் தனியாகச் சால் வெட்டினாள்.

நாலாம் நாள் ராசப்பன் உப்பு மூட்டையோடு வந்து சேர்ந்தான். புதுக் கூரையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. நல்லதாகப் போயிற்று, எனக்கு ஒரு வேலை மிச்சம் என்றான். அவள் மரநாயைப் பற்றிச் சொன்னபோதும் அவன் அசையவில்லை.

“அது அப்பவே காஞ்சிருச்சே. இப்ப அதுக்கென்ன?”

“உங்கப்பன நாத்தம்னு நாந்தூக்கிப் போடச் சொன்னப்ப, நீங்க வாயத் தொறக்கலியே.”

“மழைல கூரையப் பிரிக்கறதா? அவருக்கென்ன, எங்க படுத்தாலும் படுக்கைதானே புள்ள” என்று சொல்லிவிட்டு, கை கழுவாமல் சோற்றுக்கு உட்கார்ந்தான்.

பாப்பாயி சோறு போட்டாள். போட்டுவிட்டு எதிரே நின்று பார்த்தாள். களியை அவன் உருட்டியது, குழம்பில் தோய்த்தது, வழித்து நக்கியது எல்லாவற்றையும் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் இந்த வாயோடு இருந்தோமே என்று உடம்பு முழுக்கக் கூசியது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவள் அக்காளே முதல் புருஷனை விட்டு வேறொருவனைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். பொன்னாயிகூடக் கேட்டாள். நான் மெழுகின வீட்டை விட்டு நான் எதற்குப் போக வேண்டும் என்றாள் பாப்பாயி. அன்றிலிருந்து அவன் தின்ற வட்டிலைத் தன் வட்டிலோடு சேர்த்துக் கழுவவில்லை.

ஐப்பசி இறங்கியது. மழை அந்த வருஷம் விடாமல் ஐம்பது நாள் அடித்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. புதுப்புல்லின் வாசம் சுவர் வரைக்கும் இறங்கியிருந்தது, அவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. காலையிலும் மாலையிலும் கொட்டிலுக்குப் போய் மாமனாரைத் துடைத்துவிட்டு வந்தாள். துணி கட்டாமல் போய்ப் பார்த்தாள், முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்று பார்த்தாள், இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. புகையிலைச் சாற்றை அவர் புதுச் சுவரிலும் துப்பினார். அவளுக்குக் கோபம் வந்தது, திட்டினாள். அவர் சிரித்தார். அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சுவார்த்தை. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவர் உடம்பைக் கழுவக் கழுவ அது கொஞ்சம் குறையும் என்று எண்ணியிருந்தாள். குறையவில்லை.

மாசியில், பனி விலகிய பின்பு ஒரு காலையில் காளியண்ணன் எழவில்லை. மாடு இரண்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தன. ஊர் கூடியது. ராசப்பன் பாடையின் மேல் விழுந்து புரண்டு அழுதான். கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேனே அப்பா, கால் தரையில் படாமல் வைத்திருந்தேனே என்று அவன் அடுக்கியதில் வெளியூர்ப் பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். உள்ளூர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒப்பாரிக்கு மருமகள் முதலில் வாயெடுக்க வேண்டும். பாப்பாயி எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

பொன்னாயி தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே வந்து முதுகைத் தடவினாள்.

“நாத்தமா கண்ணு? ஒரு ராத்திரிப் பொணந்தானே, ஒண்ணும் அடிக்கலியே” என்றாள்.

“பொணத்தச் சொல்லலக்கா” என்றாள் பாப்பாயி.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பெண்களோடு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. மற்றவர்கள் அழுது முடிக்கும்வரை பிணத்தின் கால்மாட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் அவள் ராசப்பனோடு அந்த வீட்டில்தான் இருந்தாள். புரட்டாசி பிறந்தால் போதும், அவளாகச் சொல்லுமுன் அவன் ஏணியை எடுத்துச் சார்த்திவிடுவான். மூங்கில் தெரிகிறவரை பிரித்துக் கீழே தள்ளுவான். அவள் கீழே நின்று, விழுகிற ஒவ்வொரு பிடியையும் காலால் கிளறிப் பார்ப்பாள். திருந்திவிட்டானே, இனியாவது முகத்தைச் சுளிக்காமல் இருக்கக்கூடாதா என்று ஊரில் கேட்டார்கள். பயத்தில் செய்கிறான் என்பாள். கிழவர் கிடந்த கொட்டிலில் வேறு எதையும் சேர்த்து வைக்க அவள் சம்மதிக்கவில்லை. மாடு மட்டும் கட்டியிருந்தது.